வேலை செய்யாத வரிகள்

எந்த எழுத்தைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் அதைப் படிக்க மாட்டார், எண்ணுவார். பென்சில் முனையால் ஒவ்வொரு வரியையும் தொட்டுக்கொண்டே கீழே இறங்கி, "இருவத்தி நாலு" என்றோ "முப்பத்தொண்ணு" என்றோ சொல்வார். வாசிப்பு அதற்குப் பிறகுதான். வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி: "இதுல எந்த வரி என்ன வேலை செய்யுது?" பதில் கிடைக்காத வரியின் குறுக்கே பென்சில் ஓடும். "வேலை செய்யாத வரிக்குக் கூலி கிடையாதுவே" என்பார். இதனால் அவருக்கு எங்களிடையே 'கூலி அண்ணாச்சி' என்று பெயர். அது அவருக்கும் தெரியும், வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த சிறிய அச்சகத்தில் அவர் கம்போசிட்டர். கப்பல் ஏஜெண்டுகளின் பாரங்கள், கோயில் அறிவிப்புகள், கலியாணப் பத்திரிகைகள் ஆகியவற்றுக்கு எழுத்துக் கோப்பது அவருடைய தொழில். நான் பி.ஏ. முடித்துவிட்டு ஒரு கப்பல் ஏஜெண்டின் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். தோணித் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் நான்கு பக்க மாத இதழ் ஒன்றை நாங்கள் இருவரும் சேர்ந்து கொண்டுவந்தோம். எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் என் வேலை. தேர்ந்தெடுப்பதும் திருத்துவதும் கோப்பதும் அவருடையவை. யுத்தம் முடிந்திருந்தது, காகிதக் கட்டுப்பாடு முடியவில்லை. ஆகவே அவருடைய கேள்விக்குக் கொள்கைக் காரணத்தோடு காகிதக் காரணமும் இருந்தது.

என் கவிதை ஒன்று அவர் கையில் பட்ட பாட்டை மறக்க முடியாது. கடல்மேல் எழும் நிலவைப் பற்றிப் பதினாறு வரிகள் எழுதியிருந்தேன். எண்ணினார், வாசித்தார், பிறகு கேட்டார்:

"நல்லா இருக்குவே. நிலா காயுத அன்னைக்கு திரேஸ்புரத்துல எத்தனை வீட்டுல அடுப்பு எரியும்?"

திரேஸ்புரம் எங்கள் ஊர் மீனவர் குடியிருப்பு. அதன் அடுப்புக்கும் நிலவுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை.

"வெளிச்சம் கூடுனா மீனு வலையக் கண்டுகிட்டு விலகிப் போயிரும். பௌர்ணமிய ஒட்டி நாலஞ்சு நாளு மீன்பாடு கிடையாது. உமக்கு அழகா இருக்குத அந்த நிலா அவனுக்குப் பட்டினி. ரெண்டையும் சேத்து எழுதும். அப்ப நிலாவுக்கும் வேலை வந்துரும்லா?"

பதினாறில் பதினான்கு வரிகள் போயின. எஞ்சிய இரண்டும் என்னுடையவைதாம். ஆனாலும் அவர் கேட்ட பிறகே அவை எனக்குப் பொருள் தந்தன. அழகை அவர் வெறுத்தார் என்று சொன்னவர்கள் உண்டு. அது சரியல்ல. அழகுக்குப் பின்னால் இருக்கும் ஆளைக் காட்டாமல் அழகை மட்டும் கொண்டுவந்து வைப்பவனைத்தான் அவருக்குப் பிடிக்காது.

முத்து வியாபாரி ஒருவர் ஒரு முறை காலண்டர் அச்சடிக்க வந்தார். படத்தில் ஒரு பெண், கழுத்து நிறைய முத்துமாலை, பின்னணியில் நீலக்கடல். எங்கள் அண்ணாச்சி படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "முத்து இருக்கு, கழுத்தும் இருக்கு. முங்கி எடுத்தவன் எங்கன அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறார். வியாபாரி அசரவில்லை. "மூக்குல ரத்தம் ஒழுக அவன் ஏறி வாரதப் போட்டா, எவன்வே அந்தக் காலண்டர வீட்டுல மாட்டுவான்?" என்றாராம். இந்தக் கதையை இவரே எங்களுக்குச் சொன்னார். கலையும் வர்க்கமும் பற்றித் தாம் படித்த பிரசுரங்களில் இருந்ததை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அச்சகத்தின் பின்கட்டில் வாசிப்பு வட்டம் கூடும். நான் ஆங்கிலப் பிரசுரத்தைப் பார்த்துப் பொருள் சொல்லுவேன்; அவர் அதைத் தொழிலாளருக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்லுவார். ஒரு ஞாயிறு, சமூகத்தின் அடிக்கட்டு, மேல்கட்டு என்ற பாடம். உற்பத்தியும் அதை ஒட்டிய உறவுகளும் அடிக்கட்டு. சட்டம், மதம், கலை, இலக்கியம் எல்லாம் அதன்மேல் எழுந்த மேல்கட்டு. விளக்குவதற்காகக் கரும்பலகையில் ஒரு தோணியை வரைந்தார். சரக்கு ஏற்றும் வயிற்றுப் பகுதி அடிக்கட்டு. மேலே நிற்கும் மரமும் பாயும் மேல்கட்டு.

முன்வரிசையில் ஒரு தண்டல் உட்கார்ந்திருந்தார். தோணியை நடத்திச் செல்பவரைத் தண்டல் என்பார்கள். கனத்த உடம்பு, கனத்த குரல்.

"அப்ப பாயி மேல்கட்டா அண்ணாச்சி?"

"ஆமா."

"அடிக்கட்டுதான் தோணிய நடத்துதோ?"

"ஆமா."

"நல்லா இருக்கே கதை! பாய இறக்கிப் போட்டுட்டு, சரக்கத் தள்ளிக்கிட்டுப் போவச் சொல்லும். தோணி கொழும்புக்குப் போவுதா, கொல்லைக்குப் போவுதான்னு பாப்போம்."

பின்கட்டே சிரித்தது. இவர் கரும்பலகையில் இருந்த தோணியை அழித்தார். அடுத்து வந்த மூன்று ஞாயிறுகளுக்கு அந்தப் பாடம் எடுக்கப்படவில்லை. நான்காவது ஞாயிறு அவர் எழுந்து, பாயும் தோணியை இழுக்கத்தான் செய்யும், ஆனால் எவ்வளவு பெரிய பாய் கட்டலாம் என்பதைத் தோணியின் உடம்புதான் முடிவு செய்யும், ஆகையால் இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பவை என்று விளக்கினார். தண்டல் எரிச்சலோடு, "இத அன்னைக்கே எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார்.

"சரிதான். நான் கேக்கல" என்றார் இவர். தவறை இத்தனை சுருக்கமாக ஒப்புக்கொள்ளும் மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவருடைய குடும்பம் நாசரேத் பக்கத்துப் புராட்டஸ்டண்டு மிஷன் குடும்பம். எட்டாவது வரை படிப்பு. சபையில் உபதேசியார் ஆக வேண்டியவர் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். கோயிலை விட்டு எப்போது, ஏன் வந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் சிறு வயதில் பழகிய கண்டிப்பு அவரை விட்டுப் போகவில்லை. குடிப்பவரோடு அவர் ஒரு பெஞ்சில் உட்கார மாட்டார்.

அந்த ஆண்டு பங்குனியில் ஒரு விபத்து நடந்தது. நம் துறைமுகத்தில் அப்போது கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. சில மைல் தள்ளி ஆழத்தில் நிற்கும். தோணிகளில்தான் சரக்கைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அப்படிப் பொதி ஏற்றும்போது தூக்கும் கயிறு அறுந்து, பொதி ஒரு தொழிலாளியின் மேல் விழுந்து, அவர் கடலுக்குள் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. அவர் திரேஸ்புரத்துக்காரர், நான் சொன்ன அந்தத் தண்டலின் தோணியில் வேலை செய்தவர்.

கயிறு பழையது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஏற்றுமதிக் காண்டிராக்டரின் ஆட்கள் நான்கு நாட்களுக்குள் ஒரு காகிதத்தோடு வந்தார்கள். இறந்தவர் குடித்திருந்தார், நிலைதடுமாறி விழுந்தார் என்று அதில் எழுதியிருந்தது. தண்டலும் தோணியில் இருந்த மற்ற ஐவரும் அதில் கைநாட்டு வைத்தார்கள். வைக்காவிட்டால் தோணிக்குச் சரக்கு கிடைக்காது. அதன்பிறகு தண்டல் வாசிப்பு வட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். விசாரணை அதிகாரி அந்தக் காகிதத்தை ஏற்றுக்கொண்டால், அந்த மனிதன் தன் குடியால் தானே செத்தான் என்பது அரசாங்கப் பதிவாகிவிடும். அவர் மனைவிக்கு நஷ்டஈடும் கிடையாது, மறுபேச்சும் கிடையாது.

விசாரணைக்கு முந்திய ஞாயிறன்று கடற்கரையில் இரங்கல் கூட்டம் நடத்தச் சங்கம் தீர்மானித்தது. அந்தப் பெண் தன் கணவனை நினைத்துப் பாடும் ஒப்பாரியைத் துண்டுப் பிரசுரமாக அச்சிடலாம் என்பது இவருடைய யோசனை. நாங்கள் இருவரும் திரேஸ்புரம் போனோம். அவள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுதுததுக்கா நான் அழுதேன்?" என்றாள்.

"ஊருக்குத் தெரியணும்லாம்மா" என்றார் இவர்.

யோசித்துவிட்டு, "சொல்லுதேன். ஆனா எல்லாத்தையும் போடணும்" என்றாள்.

"எல்லாத்தையும் போடுவோம்."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அழாமல், சந்தைக்குச் சாமான் சொல்வதைப் போலச் சொன்னாள். கயிற்றைப் பற்றி இப்படி இருந்தது:

*கயிறு முச்சூடும் மூணு முடிச்சு –*
*கட்டுனவனுக்குக் கண்ணு இல்லையா?*

பிறகு இது:

*குடிச்சுட்டு வந்து குறுக்குல மிதிச்சீரே –*
*மிதிச்ச கால எந்த மீனு தின்னுச்சோ?*

அதையடுத்து இது:

*விபூதி இட்ட அன்னைக்குக் கலயத்தக் கமத்துனீரே –*
*கமந்த கலயம் கமந்தே கிடக்கு, நிமித்த வாரும் ராசாவே.*

மொத்தம் இருபத்தாறு வரிகள். அரைத்தாளில் அத்தனையும் கொள்ளாது. அச்சகத்தில் உட்கார்ந்து எண்ணினார். கயிற்று வரிகளைத் தொட்டு, "இது பத்தாளு வேலை செய்யுது" என்றார். குடித்து மிதித்த வரிகளை அவரே அடித்தார். காண்டிராக்டர் சொல்வதை நாமே அச்சடித்துக் கொடுக்க முடியுமா என்பது அவர் நியாயம். அதோடு, வேலையில் பலியான தொழிலாளியைப் பெண்டாட்டியை மிதிப்பவனாகக் காட்டுவது வர்க்கத்துக்கு என்ன நன்மை செய்யும் என்றும் கேட்டார். நான் மறுக்கவில்லை.

சங்கத்தில் சேரச் சொல்லும் இரண்டு வரிகளுக்கு இன்னும் இடம் வேண்டியிருந்தது. புரூஃப் என் கையில் இருந்தது. விபூதி இட்டுக் கலயம் கவிழ்த்த வரிகளின் கீழ் நான் கோடிட்டு, ஓரத்தில் 'சடங்கு அலங்காரம். நீக்கலாம்' என்று மையால் எழுதினேன். கடைக்காரக் குடும்பத்தில், சாவு வீட்டில் கொள்ளிக்குடம் உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். விபூதியும் கலயமும் சேர்ந்து வந்தால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். கத்தோலிக்கப் பெண்ணின் பாட்டில் அது எப்படி வந்தது என்று ஒரு கணம் தோன்றியது. மதம் மாறியும் விடாத பழைய எச்சம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

அவர் தயங்கினார். "இது என்ன கலயம்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டா?"

"சாவு வீட்டுக் கலயந்தான் அண்ணாச்சி. இதுக்கு என்ன வேலை இருக்கு? நேரமும் இல்ல" என்றேன்.

அவருடைய கேள்வியையே அவரிடம் திருப்பிக் கேட்டேன். அவர் திரேஸ்புரம் போகவில்லை. அந்த இடத்தில் சங்க அழைப்பு வரிகள் இரண்டையும் அவரே எழுதிச் சேர்த்தார்.

கூட்டம் மாலை நான்கு மணிக்கு. ஈஸ்டர் முடிந்த இரண்டாவது ஞாயிறு. திரேஸ்புரம் கரையில் பெரும் கூட்டம் கூடியிருந்தது. ஓரத்தில் காண்டிராக்டரின் குமாஸ்தாவும் நின்றான். தண்டலும் மற்றவர்களும் தூரத்தில், தோணி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்மோனியத்தோடு ஒரு நாடகப் பாடகர் எங்கள் பிரசுரத்தைப் பார்த்துப் பாடத் தொடங்கினார். கால்வாசி போயிருக்கும், பெண்கள் நடுவிலிருந்து அவள் எழுந்தாள்.

"நிப்பாட்டும். யாரு பாட்டு இது?"

"உங்க பாட்டுதாம்மா" என்றார் பாடகர்.

"எம் பாட்டுல எம் புருசன் இருந்தாரு. இதுல ஆரோ ஒரு கூலிக்காரன்லா கெடக்கான்."

பக்கத்திலிருந்த கிழவி ஒருத்தி, "ஏளா, அந்தப் பொட்டிய மூடச் சொல்லு. மாப்பிள்ளை அழைப்பா நடக்கு?" என்றாள். ஆர்மோனியம் நின்றது.

அவள் நின்றபடியே முழுவதையும் பாடினாள். 'குடிச்சுட்டு வந்து' என்ற இடம் வந்ததும் காண்டிராக்டரின் குமாஸ்தா சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்ததை நான் பார்த்தேன். என் கணக்கில் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது அவள் கலயத்துக்கு வந்தாள். ஒரு முறை பாடினாள். இன்னொரு முறை, தோணி நிழலைப் பார்த்துப் பாடினாள். அங்கே தலைகள் குனிந்தன. பெண்கள் பலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். என்ன நடக்கிறது என்பது எனக்கும் தெரியவில்லை, அண்ணாச்சிக்கும் தெரியவில்லை.

பாட்டை முடித்துவிட்டு அவள் பேசினாள்: "குடிப்பாரு. ஊருக்கே தெரியும். குடிகாரன்னு எழுதுனா எழுதிட்டுப் போங்க. தபசு காலத்துல குடிச்சான்னு எழுதுனீங்களே, அதுதான் எனக்கு ஆறல."

பக்கத்தில் நின்றவர் சொன்ன பிறகே எனக்குப் புரிந்தது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தபசு காலத்தின் முதல் புதனன்று கோயிலில் நெற்றியில் இடும் சாம்பலை அந்தக் கரையில் விபூதி என்றே சொல்வார்கள். அன்று குடிகாரர்கள் வீடு திரும்பித் தங்கள் கள்ளுக் கலயத்தைக் கவிழ்த்து வைப்பார்கள்; ஈஸ்டர் வரை அதைத் தொடுவதில்லை. அண்ணாச்சிக்கும் சாம்பல் புதன் தெரியும், அவர்கள் சபையில் லெந்து என்று சொல்லும் அந்தக் காலமும் தெரியும். ஆனால் அவர் ஊரில் வருஷம் முழுவதுமே குடி கூடாது. ஆகையால் நாற்பது நாளுக்கு மட்டும் கவிழும் கலயத்தை அவர் கண்டதில்லை. விபத்து நடந்தது தபசு காலத்தில். இறந்தவர் குடித்திருக்கவில்லை என்பதற்கு அந்த இரண்டு வரிகள்தாம் சாட்சி.

தண்டல் எழுந்து வந்தார். நேராகக் குமாஸ்தாவின் முன்னால் போய் நின்றார்.

"ஏலே, எழுதிக்கோ. நானும் கமத்துனேன். எந் தோணியில அன்னைக்கு ஒருத்தனும் குடிக்கல. நான் வச்ச கைநாட்டு பொய். கயிறுதான் அறுந்துச்சு."

விசாரணையில் அவரும் மற்ற மூவரும் கைநாட்டை மறுத்தார்கள், இருவர் மறுக்கவில்லை. 'குடிபோதை' என்ற சொல்லை அதிகாரி நீக்கினார். கயிற்றைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. எதிர்பாராத விபத்து என்று முடித்தார். நஷ்டஈடு பாதி கிடைத்தது. தண்டலுக்குத் தோணி போயிற்று. மணப்பாட்டில் மைத்துனரோடு மீன்பிடிக்கப் போனார். இவற்றில் எது வெற்றி, எது தோல்வி என்று பிரித்துச் சொல்ல இன்றும் என்னால் இயலவில்லை.

கூட்டத்துக்கு மறுநாளே அண்ணாச்சி இருபத்தாறு வரிகளையும் புதிதாகக் கோத்தார். தாம் எழுதிய இரண்டு வரிகள் அதில் இல்லை. வீணான கலியாணப் பத்திரிகைத் தாள்களின் பின்புறத்தில் அச்சடித்து, அவள் வீட்டுக்கே போய் முழுவதையும் வாசித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, "இப்ப சரி" என்றாளாம்.

அடுத்த ஞாயிறு வாசிப்பு வட்டம் கூடியபோது ஒரு தோணித் தொழிலாளி எழுந்து, "மொத நோட்டீசுல இல்லாமப் போச்சுல்லா, அந்த விபூதி வரி. அத வெட்டுனது யாரு?" என்று கேட்டார். சங்கத்தார் எல்லாரும் இருந்தார்கள். நான் அண்ணாச்சியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"நான்தான்" என்றார் அவர். "ரெண்டு வெட்டும் என்னோடது. பாட்டுல எந்த வரி என்ன வேலை செய்யுதுன்னு பாடுனவகிட்ட நான் கேக்கல. நானே முடிவு பண்ணுனேன். அது முதலாளி பண்ணுத காரியம். மதத்தையும் குடும்பத்தையும் மேல்கட்டுன்னு ஒதுக்குனேன். அந்த மனுசன் எப்படி வாழ்ந்தான்ங்கது அதுக்குள்ளதான் இருந்துச்சு."

நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் அது. அப்போது என் மனத்தில் ஓடியவற்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அலுவலகத்துக்கு இதழில் என் பங்கு தெரியாது. பெயர் வெளியே வந்தால் வேலை போகும். படித்தவன் செய்த பிழை என்று தெரிந்தால் தொழிலாளர் என்னை நம்ப மாட்டார்கள். அதனால் சங்கத்துக்கு நஷ்டம். இவற்றையெல்லாம் நான் வரிசையாக யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கூட்டத்தின் முடிவில் இதழின் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து என்னிடம் ஒப்படைத்தார்கள். கோக்கும் வேலை மட்டும் அவருக்கு என்று தீர்மானம். அவர் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் சந்து முனையில் அவரை நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, அந்த ரெண்டாவது வெட்டு நான் செஞ்சது."

"தெரியும்வே. புரூஃப்ல உம்ம கையெழுத்துல்லா இருக்கு."

"என்னை மன்னிக்கணும்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. பிழை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கும் கண்தான் அது.

"எங்கிட்ட எதுக்குவே சொல்லுதீரு? அவகிட்டல்லா சொல்லணும்."

சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார். அங்கிருந்து திரேஸ்புரம் நடந்து போகும் தூரம்தான்; பொழுதும் இருந்தது. நான் அச்சகத்துக்குள் திரும்பிப் போய், அடுத்த இதழுக்கான எழுத்துகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.